எழுபதினாயிரத்துக்கு ஒன்று குறைய

எழுபதினாயிரம் மூன்றால் பிரியாது. இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். இலக்கங்களைக் கூட்டினால் ஏழு வருகிறது, ஏழு மூன்றின் மடங்கில்லை, அவ்வளவுதான். இதை நான் உம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். கணக்கு ரீச்சர் என்ற கொழுப்பு, சொல்லிவிட்டேன். சொன்னதற்கு இன்றுவரை என்னை நானே ஏசிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மௌத்தானால் அவருக்காக லா இலாஹ இல்லல்லாஹ் என்ற கலிமாவை எழுபதினாயிரம் தடவை ஓதுவார்கள். அந்த நன்மை போய்ச் சேர்ந்தால் அவருக்குக் கபுறுக் குழிக்குள் வேதனை இல்லை என்பது நம்பிக்கை. பெண்கள் பாயில் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் புளியங்கொட்டை குவித்திருக்கும். தஸ்பீஹ் மாலையில் நூறு மணி உருட்டி முடித்தால் ஒரு கொட்டையை எடுத்துப் பால்மா டின்னுக்குள் போட வேண்டும். எழுநூறு கொட்டை விழுந்தால் எழுபதினாயிரம். சவூதிக்குப் போய் வந்த பெடியன்கள் சிலர் இதற்கெல்லாம் ஆதாரம் இல்லை என்று கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொட்டை கூடக் குறைய விழுந்தாலும் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. கூடினால் நன்மைதானே என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் ஓம் என்பார்கள்.

எழுபதினாயிரம் கூட்டத்துக்கென்றே அமைந்த எண். அதற்கு ஐம்பது காரணிகள் இருக்கின்றன. ஏழு பேர் வந்தாலும் பிரியும், எட்டுப் பேர் வந்தாலும் பிரியும். பதினாலு, இருபது, இருபத்தைந்து, முப்பத்தைந்து என்று எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும் பெரும்பாலும் சண்டையில்லாமல் பங்கு வைக்கலாம். மையித்துக் கிடக்கும் இழவு வீட்டில் இருந்துகொண்டு இப்படித் தலைகளை எண்ணி மனசுக்குள் வகுத்துப் பார்க்கிற கெட்ட புத்தி எனக்குண்டு. அது காக்காவிடமிருந்து, என் அண்ணனிடமிருந்து, வந்தது.

காக்கா எனக்கு நாலு வயது மூத்தவர். எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. கல்முனைப் பிரதான வீதியில் நெல் ஏற்றிய லொறி வரும். அவர் அதன் இலக்கத்தை வாசிப்பார். லொறி பள்ளிவாசலைத் தாண்டுவதற்குள் நான் அதன் காரணிகளைச் சொல்ல வேண்டும். எதனாலும் பிரியாவிட்டால் முதன்மை எண் என்று சொல்ல வேண்டும். காக்கா அப்படிச் சொல்லமாட்டார். "ஆருக்கும் வசப்படாதது" என்பார். ஒரு நாள் 4187 என்று ஒரு லொறி. வசப்படாதது என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் வயலுக்குப் போய்விட்டார். பின்னேரம் வயலால் வந்து, கால் கழுவ முன்னமே, "அம்பத்து மூண்ட எழுவத்தொம்பதால பெருக்கிப் பாருங்க ரீச்சர்" என்றார். நான் அப்போது ரீச்சருமில்லை ஒன்றுமில்லை, பத்தாம் வகுப்பு. அந்தக் கடுப்பில்தான் கணிதம் படித்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

அவருக்குக் கணக்கு வந்த அளவுக்கு மற்றப் பாடங்கள் வரவில்லை. உயர்தரத்தில் அவை காலை வாரிவிட, வாப்பாவின் காணியைப் பார்க்கத் தொடங்கினார். வாப்பா மௌத்தான பிறகு சவளக்கடையில் இருந்த அந்த ஐந்து ஏக்கரும் அவர் பொறுப்பு. மாவடிப்பள்ளியில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண்வீட்டுக்குக் குடிபோனார். அங்கிருந்து சைக்கிளில் வயலுக்குப் போய்வருவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உம்மாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார். எனக்கென்று ஒரு எண்ணைச் சட்டைப் பையில் எழுதி வைத்திருப்பார்.

கலியாணம் முடித்துப் பதினொரு மாதம். தொண்ணூறாம் ஆண்டு, தமிழாக்களுக்கும் எங்களுக்கும் பிரச்சினை பெரிதாகிவிட்ட காலம். வயலுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. போக வேண்டாம் என்று உம்மா சொன்னா, மதினி சொன்னா, நானும் சொன்னேன். தண்ணி கட்டாவிட்டால் வேளாண்மை காய்ந்துவிடும், காலையில் போய் லுஹர் தொழுகைக்கு முன் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். வரவில்லை.

மூன்றாம் நாள் சைக்கிள் மட்டும் வந்தது. பக்கத்து வயல்காரர் ஒரு தமிழ் ஆள், காக்காவோடு ஒரே வாய்க்காலில் தண்ணி பாய்ச்சுகிறவர். வாடிக் குடிசையில் சாத்தியிருந்த சைக்கிளைக் கண்டு கொண்டுவந்தார். சைக்கிள் பூட்டியிருந்தது, சாவி காக்காவின் இடுப்பில். பின் சக்கரம் உருளாது. அந்த மனுசன் பின்பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்தபடி அத்தனை கட்டை தூரமும் நடந்து, சோதனைச் சாவடி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்த நாளில் அவர் அங்கே வந்து நின்றதே பெரிய காரியம். சோற்றுப் பார்சல் ஹேண்டிலில் கட்டியபடியே இருந்தது. ஆளைக் காணவில்லை, மண்வெட்டி வரம்பில் கிடந்தது, அவ்வளவுதான் தனக்குத் தெரியும் என்று அழுதாராம்.

அதற்குப் பிறகு நாங்கள் எங்கெங்கெல்லாம் போனோம், யார் யாரிடம் கையேந்தினோம் என்பதை எழுதப் போவதில்லை. அந்த வருடம் எங்கள் கரையோரத்தில் ஆளைத் தேடாத வீடு குறைவு. சிலருக்கு மையித்துக் கிடைத்தது. அவர்கள் அழுது, அடக்கி, எழுபதினாயிரம் ஓதி, சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொறாமைதான்.

உம்மா எங்கள் வீட்டை மையித்து வீடு ஆக விடவில்லை. மையித்து இல்லாமல் மௌத்து இல்லை என்பது அவவின் நிலைப்பாடு. கத்தம் ஓதல் இல்லை, கலிமா இல்லை. ஓதலாமே என்று யாராவது வாயெடுத்தால், "என்ட மகன் வெளிய போயிரிக்கான்" என்பா. உம்மாவுக்குத் தங்கை முறையான ஒருத்தி ஒருமுறை அழுதுகொண்டு வந்தபோது, "ஆருக்குப் புள்ள அழுகிறாய்?" என்று கேட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டா.

நாலு வருடம் போனது. எனக்குக் கலியாணமாகி, மாப்பிள்ளை சவூதியில் இருந்தார். வீட்டில் உம்மாவும் நானும்தான். மதினிக்கு இருபத்தாறு வயது. பிள்ளை இல்லை. மனைவியுமில்லை, விதவையுமில்லை. நாலு வருடம் காத்திருந்தது போதும், இனி அவரை மௌத்தானவராகக் கொண்டு இத்தா இருக்கலாம் என்று காதியார் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அப்படியென்றால் வெள்ளை உடுத்து நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேறு கலியாணம் பேசலாம். மதினியின் வாப்பா நோயாளி. தான் கண்ணை மூடுவதற்குள் மகளை ஒருவர் கையில் கொடுக்க அவசரப்பட்டார்.

மதினி ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து உம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தா.

"மாமி, வெள்ள உடுக்கிறத்துக்கு நான் மறுப்பில்ல. ஆனா அவருக்கு எழுபதினாயிரம் ஓதாம என்னால இத்தா இரிக்க ஏலா. ஊரில ஒவ்வொருத்தருக்கும் ஓதுறாங்க. அவருக்கு இண்டு வரைக்கும் ஆரும் ஒரு கலிமா ஓதல்ல."

"மௌத்தான ஆளுக்குத்தான் புள்ள அது ஓதுற" என்றா உம்மா.

மதினி அழவில்லை, வாதாடவுமில்லை. "உங்களுக்கிட்ட கேக்காம ஓதமாட்டன் மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டா. அந்தப் பணிவுதான் உம்மாவைப் போட்டு அரித்தது என்று நினைக்கிறேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"ஓதுவம். ஆனா ஊராக்களுக்குச் சொல்லப்படா. சோறாக்கப்படா. ஓதுற லெவ்வ வரப்படா. நீயும் நானும் அந்தப் புள்ளயும், மூண்டு பேர் மட்டும்தான். ஆளுக்கு எத்தின வருமெண்டு பாரு."

மூன்று பேர். அந்த ஐம்பது காரணிகளில் மூன்று இல்லை. நான் கொப்பியின் பின்பக்கத்தில் வகுத்தேன்.

"இருபத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூண்டு. மீதி ஒண்டு."

"மீதியெண்டா?"

"பங்கு வெச்சு மிஞ்சிற. மூண்டு பேருக்கும் சரியாப் பிரியாது உம்மா."

வேறு யாராக இருந்தாலும் ஆளுக்கு ஒன்று கூட்டி ஓதினால் போச்சு என்று விட்டிருப்பார்கள். மொத்தம் இரண்டு கூடும், கூடினால் நன்மைதானே. எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவேயில்லை. பதிலென்றால் மீதியோடு எழுத வேண்டும் என்று பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனையால் கீறிப் பழகிய கை.

உம்மா கொஞ்ச நேரம் அந்தக் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும், ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் தனியாக நின்ற ஒன்றை அடையாளம் கண்டுகொண்டா.

"அந்த ஒண்டு என்னோட இரிக்கட்டும்" என்றா.

"ஓம், நீங்களே ஓதுங்க."

"நீ ஓதப்படா. அந்தப் புள்ளயும் ஓதப்படா. அல்லாஹ் மேல சத்தியம், வல்லாஹி எண்டு சொல்லு."

நான் அடுப்பில் பால் பொங்கும் அவசரத்தில், என்ன கேட்கிறா என்று யோசிக்காமல் வல்லாஹி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து தொடங்கினோம். மதினி லுஹருக்குப் பிறகு மாவடிப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவா, மஃரிபுக்கு முன் போய்விடுவா. மூன்று தஸ்பீஹ், மூன்று பால்மா டின், ஆளுக்கு இருநூற்று முப்பத்து மூன்று கொட்டை. அந்தக் கொட்டைகள் முடிந்ததும் கடைசியாக மணியில் முப்பத்து மூன்று. ஒருவருக்கொருவர் கதைப்பதில்லை. கதைத்தால் கணக்குப் பிசகும். கதைக்க எதுவும் இருக்கவுமில்லை.

எனக்கு ஒரு நேரசூசி போடாமல் எந்த வேலையும் ஓடாது. நாற்பது நாளில் முடிக்கலாம் என்று வகுத்தேன். ஒரு நாளைக்கு ஐந்நூற்று எண்பத்து மூன்று, மீதி பதின்மூன்று. முப்பத்தைந்து நாள் என்று வகுத்தேன், மீதி இருபத்து மூன்று. நாற்பத்தொன்று, மீதி நாலு. சமமாகப் பிரிகிற ஒரு நாள்கணக்குக் கிடைக்கவில்லை. பாடசாலையில் தவணைச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வைக்கு நின்றபடி, மிஞ்சிய வினாத்தாளின் பின்பக்கத்தில் ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் என்று வகுத்துக்கொண்டே போனேன். ஓர் எண்ணுக்குக் காரணி இருந்தால் அதில் ஒன்று அதன் வர்க்கமூலத்துக்குள் அகப்பட்டேயாக வேண்டும். இதற்கு நூற்று ஐம்பத்திரண்டுக்குள். அதுவரை முப்பத்தாறு முதன்மை எண்கள். முப்பத்தாறையும் பார்த்தேன். கடைசி நூற்று ஐம்பத்தொன்று. மீதி எழுபத்தொன்பது.

23,333 யாருக்கும் வசப்படாதது.

பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன். இதை உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லலாம், அவருக்காகத்தான் இதை ஓதிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நாலு வருடமாக அழாத அழுகை அது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "ரீச்சர், நேரம் முடிஞ்சா?" என்று கேட்டது. இன்னும் பத்து நிமிசம் இருக்கிறது என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

இன்னொன்றும் கண்டேன். எழுபதினாயிரத்துக்கு ஐம்பது காரணிகள். அதில் ஒன்றைக் குறைத்தால், 69,999க்கு நாலே நாலு. ஒன்று, மூன்று, இருபத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று, பிறகு அந்த எண்ணே. அதாவது அதைத் தனி ஆளாகச் சுமக்கலாம், இல்லாவிட்டால் மூன்று பேராகச் சுமக்கலாம். நாலாவது ஆளுக்கோ நாற்பது பேருக்கோ அதில் பங்கு வராது. ஊராக்கள் வரப்படா என்று உம்மா சொன்னதற்கு ஏற்ற எண்ணாக அது இருந்தது. எண்களுக்கு எங்கள் வீட்டு விசயம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு மனம் கேட்கவில்லை.

மதினிதான் முதலில் முடித்தா. பிறகு நான். உம்மாவுக்கு விரல் மூட்டில் வருத்தம், தாமதமாகியது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவவின் கடைசிக் கொட்டை டின்னுக்குள் விழுந்தது. பிறகு மணியில் முப்பத்து மூன்றை உருட்டி நிறுத்தினா. உம்மா தஸ்பீஹைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தா.

"முடிஞ்சா மச்சி?" என்று மதினி கேட்டா.

அந்த ஒன்றை உம்மா ஓதவில்லை என்பது அவவின் முகத்தில் எழுதியிருந்தது. ஓதப் போவதுமில்லை. வல்லாஹி என்று நான் எதற்குச் சொன்னேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மதினி அப்போதே பெட்டியில் வெள்ளைச் சேலை வாங்கி வைத்திருந்தா. முடியவில்லை என்று நான் சொன்னால் அவ இன்னும் நாலு வருடமோ நாற்பது வருடமோ அந்தப் பாயிலேயே இருப்பா.

"முடிஞ்சி" என்றேன்.

கணக்கில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். மூன்று பேரும் கை ஏந்தினோம். மதினி அன்றைக்குத்தான் எங்களுக்கு முன்னால் வாய்விட்டு அழுதா. உம்மா அவவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தா. அடுத்த கிழமை மதினி வெள்ளை உடுத்தா. நாலு மாதம் பத்து நாளுக்குப் பிறகு இறக்காமத்திலிருந்து ஒரு வேளாண்மைக்காரர் கலியாணம் பேசி வந்தார். வழக்கத்தை விட்டு, யானை வரும் ஊருக்கா பெண்ணை அனுப்பப் போகிறாய் என்று ஊர் சொன்னது. மதினியின் வாப்பா கொடுத்தார். கலியாணத்துக்கு உம்மா போனா. போய், இருந்து, சாப்பிட்டு, மதினிக்கு நல்ல முகத்தோடு துஆச் செய்துவிட்டு வந்தா. வந்து இரண்டு நாள் பாயை விட்டு எழும்பவில்லை.

அந்த ஒன்றுக்கு அடையாளமாக உம்மா ஒரு புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தா. ஒரு கொட்டை என்றால் நூறு, ஒன்று இல்லை என்று நான் குத்திக்காட்டினேன். "இது ஒண்டு" என்றா. சேலை தோய்க்கும்போது கொட்டை விழுந்து தொலைந்துவிடும். உடனே கறிப் புளியிலிருந்து இன்னொன்றை எடுத்து முடிந்துகொள்வா. ஐந்து வருடத்தில் இருபது கொட்டையாவது மாறியிருக்கும்.

நாங்கள் இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

"ஒரு நாளைக்கு எத்தின தரம் கலிமா சொல்றீங்க. தொழுதா சொல்றீங்க, படுத்தாச் சொல்றீங்க. அதில ஒண்டு அவருக்குப் போய்ச் சேர்ந்திரிக்கும்."

"அது என்ட கணக்கு. அவனுக்கெண்டு மனசில நிய்யத்து வெச்சாத்தான் அவனுக்குச் சேரும். நான் வெக்கல்ல."

"வெச்சா என்ன உம்மா?"

"வெச்சா அவன் மௌத்து. நான்தான் மௌத்தாக்கின."

 எழுபதினாயிரம் தடவை மணி உருட்டியதில் எத்தனை வழுக்கியிருக்கும், எத்தனை இரட்டித்திருக்கும், தூக்கத்தில் எத்தனை விட்டிருக்கும். ஒன்று கூடக் குறைய என்பதற்கு அங்கே அர்த்தமேயில்லை. கணிதம் படித்த எனக்கு அது தெரியும். உம்மாவுக்குத் தெரியாது. அவவுக்கு அந்த ஒன்றின் மேல்தான் மகன் நின்றுகொண்டிருந்தார். அதைக் காட்டிக்கொடுத்தது நான். சில நாள் அவ வாசலில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டு நிமிரும்போது, அன்றைக்கு ஆளுக்கு ஒன்று கூட்டிச் சொல்லியிருந்தால் இந்த மனுசி இதற்குள் அழுது ஆறியிருப்பாவே என்று நினைப்பேன். சில நாள், அந்த ஒன்றும் இல்லாவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு எழும்பியிருப்பா என்றும் தோன்றும். இரண்டில் எது சரியென்று இன்றுவரை தெரியாது.

தொண்ணூற்றொன்பதில் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வாய் கோணிப் பேச்சுக் குழறினாலும் சொல்வது விளங்கும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஐந்தாம் நாள் லுஹருக்குப் பிறகு மூச்சு மாறியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து யாசீன் ஓதினார்கள்.

சக்கராத்தில், உயிர் பிரியும் தறுவாயில், கிடப்பவருக்குக் கலிமாவைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் கடமை. அவர் அதை ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு வாயைக் கிளறக் கூடாது, அதுவே கடைசிச் சொல்லாக இருக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். கடைசிச் சொல் கலிமாவானவருக்குச் சுவர்க்கம். சொன்ன பிறகு வேறு ஏதும் கதைத்துவிட்டால், மறுபடியும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் காதுக்குள் குனிந்து சொன்னேன். உம்மாவின் கண் என் பக்கம் திரும்பியது. நல்ல கை முந்தானையைத் தடவியது. ஆஸ்பத்திரியில் மாற்றி உடுத்திய சேலை, அதில் முடிச்சு ஒன்றும் இல்லை. பிறகு சொன்னா. குழறாமல், நிறுத்தி, "லா இலாஹ இல்லல்லாஹ்."

அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருத்தி என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தா, இனிப் பேச்சுக் கொடுக்காதே என்று. நானும் விலகினேன்.

உம்மா என்னைப் பார்த்தபடி இன்னும் இரண்டு சொல் சொன்னா.

"இது அவன்ட."

யாருடையது, என்ன சொல்றா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.  திரும்பவும் குனிந்து கலிமாவைச் சொன்னேன். உதடு அசையவில்லை. உம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்லுங்க, உங்களுக்கு உம்மா என்று மன்றாடினேன். பார்த்துக்கொண்டே இருந்தா. அஸர் பாங்கு சொல்ல முன்னம் மூச்சு நின்றது.

எனக்கு அவவில் கோபம் வந்தது. மையித்துக்கு முன்னால் நின்று கோபப்பட்டேன். ஒன்பது வருடம் பிடித்து வைத்திருந்ததைக் கடைசியில் விட்டுவிட்டா, விட்டதும் தனக்கென்று இருந்த கடைசிக் கலிமாவில். இரண்டு சொல் கதைக்காமல் இருந்திருந்தால் அது அவவுடையதாகவே போயிருக்கும். நிய்யத்தைச் சொல்லாமல் விட்டால் நான் காக்காவின் கணக்கை மூடமாட்டேன் என்று பயந்திருப்பா. பெற்ற மகள் எவ்வளவு முசுடு என்று அவவுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மதினி இறக்காமத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தா. ஆட்கள் கலைந்த பிறகு அடுக்களையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மதினி, அண்டைக்கு அது முடியல்ல. நான் பொய் சொன்ன. ஒண்டு குறைய."

மதினி பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தா. கையை நிறுத்தவில்லை.

"தெரியும் மச்சி. இருபத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூண்ட மூண்டால பெருக்க எனக்கும் தெரியும். பஸ்ஸிலயே பெருக்கிப் பாத்திட்டன்."

"தெரிஞ்சா வெள்ள உடுத்தீங்க?"

"மாமி வெச்சிரிக்கா எண்டு வெளங்கிச்சு. வெச்சிரிக்கட்டும் எண்டு விட்டன். அவருக்கு ஆரோ ஒராள் காத்திரிக்கத்தானே வேணும். எனக்கு ஏலாமப் போச்சு."

பிறகு இரண்டு பேரும் அழுதோம். அந்தச் சின்னப் பிள்ளை வாயில் சோற்றோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உம்மாவுக்கு எழுபதினாயிரம் ஓத ஊர்ப் பெண்கள் அடுத்த நாள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதினி வேண்டாம் என்றா. நாம் இரண்டு பேரும் ஓதுவோம், எத்தனை நாள் போனாலும் பரவாயில்லை, இங்கே நிற்கிறேன் என்றா. அலுமாரிக்கு மேலிருந்து பால்மா டின்களை இறக்கினேன். மூன்றாவதைக் காலியாக்கித் திரும்ப மேலே வைத்தேன். கொட்டைகளைப் பாயில் கொட்டி, குறைந்த ஒன்றுக்குக் கறிப் புளியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டு, ஆளுக்கு முந்நூற்று ஐம்பதாக எண்ணிப் பிரித்தோம்.

"ஆளுக்கு எத்தின மச்சி?"

"முப்பத்தையாயிரம்."

மதினி தஸ்பீஹைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"மீதி இரிக்கா?"

"இல்ல" என்றேன்.